திருவையாறு: எந்த ஐந்து ஆறு, யார் எண்ணியது?

வடகரையான்

வணக்கம். ஊர்க்காரர்களும் டெல்டா பக்கத்து ஆட்களும் கொஞ்சம் உதவ வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வரும்போது காவிரிப் பாலம் முடிந்து ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பலகை வைக்கலாம் என்று எங்கள் தெருப் பையன்கள் கிளம்பியிருக்கிறார்கள். ஊர்ப் பெயர், அதற்குக் கீழே ஐந்து ஆறுகளின் பெயர், அவ்வளவுதான். சுலபமான வேலை என்று நினைத்து உட்கார்ந்தோம், டீக்கடையிலேயே சண்டை வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பட்டியல் எல்லோருக்கும் தெரியும். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. ஆனால் ஊரை ஒட்டி ஓடுவது காவிரி ஒன்றுதான், ஊர் அதன் வடகரையில் இருக்கிறது. மற்ற நான்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூர் ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அதிலும் வடவாறு கரந்தையில், கிட்டத்தட்ட தஞ்சாவூருக்குள்ளேயே ஓடுகிறது. அதை எங்கள் ஊர் ஆறு என்று எப்படிப் பலகையில் எழுதுவது? இன்னொரு பக்கம், வடக்கே அரியலூர் போகிற வழியில் விளாங்குடி தாண்டினால் கொள்ளிடம், அக்கரையில் திருமானூர். எங்கள் காவிரியைவிடப் பல மடங்கு அகலம். அது பட்டியலிலேயே இல்லை!

அப்படியானால் இந்த ஐந்தை எண்ணியது யார், எங்கே நின்று எண்ணினார்கள்? பெயிண்டர் காத்துக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள்.

அல்வாப் பிரியன்

தி, ரு, வை, யா, று. ஐந்து எழுத்து. கணக்குச் சரியாகிவிட்டது, பலகையை எழுதிவிட்டு வந்து ஆளுக்குக் கால் கிலோ அசோகா வாங்கிக் கொடுங்கள்.

கண்டியூர்க்காரன்

இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினால் கரந்தையில் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, அப்புறம் வெட்டாறு, எங்கள் கண்டியூர் தாண்டினால் குடமுருட்டி, உடனே காவிரி. ஐந்து பாலம் ஏறி இறங்கினால் ஐயாறப்பர் கோவில். சின்ன வயதில் பஸ் ஜன்னலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணாத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. ஐந்து ஆறு தாண்டி வருகிற ஊர், அதனால் திருவையாறு. இதைவிடத் தெளிவாக ஒரு பெயர் வைக்க முடியுமா?

வடகரையான்

அண்ணா, அதுதான் என் சந்தேகமே. அது ஊரின் கணக்கா, ரோட்டின் கணக்கா? திருமானூரிலிருந்து வருகிறவன் கொள்ளிடம் ஒன்றைத் தாண்டி நேரே ஊருக்குள் வந்துவிடுகிறான். கும்பகோணத்திலிருந்து காவிரியின் வடகரையோடு வருகிறவனுக்கும் இந்த ஐந்து கணக்கு கிடையாது. ஐந்து பாலம் என்பது தஞ்சாவூர்க்காரனுக்கு மட்டும்தான்.

பழஞ்சுவடி

வடகரையான் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார், எனக்கும் இதில் பல வருடச் சந்தேகம் உண்டு. ஐயாறு என்ற பெயர் தேவாரத்திலேயே இருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் பாடியது ஏழாம் நூற்றாண்டு. விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடித்துச் சோழர் தலைநகர் ஆக்கியது ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில். அதாவது தஞ்சாவூர் பெரிய ஊராகி, அங்கிருந்து நாலா பக்கமும் பெருவழி போகிற காலத்துக்கு இருநூறு வருடம் முன்பே ஐயாறு பெயர் பெற்ற தலம். தஞ்சாவூரிலிருந்து எண்ணி வைத்த பெயர் என்றால் கால வரிசை இடிக்கிறது.

இன்னொன்று. வடவாறு என்ற பெயரைக் கவனியுங்கள். எதற்கு வடக்கே? தஞ்சாவூருக்கு வடக்கே. திருவையாற்றில் நின்று பார்த்தால் அந்த ஐந்தில் தெற்குக் கோடியில் இருக்கிற ஆறு அதுதான். தன் ஊருக்குத் தெற்கே ஓடுகிற ஆற்றை வடவாறு என்று எவனாவது சொல்வானா? ஆக, இன்று நாம் ஒப்பிக்கிற பட்டியல் தஞ்சாவூர்க் கண்ணால் போட்ட பட்டியல். பெயர் பழையது, பட்டியல் பிற்காலத்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பது என் எண்ணம்.

கரந்தை அக்கா

தஞ்சாவூர்க் கண் என்று இவ்வளவு இளக்காரமாகச் சொல்ல வேண்டாம் சார் :) வடவாற்றங்கரையில் வளர்ந்தவள் நான். ஆனால் நீங்கள் சொன்ன வடக்கு தெற்கு விஷயம் இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு தகவல் சேர்த்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ரயிலடியில் இறங்கி பழைய பஸ் ஸ்டாண்ட் வருகிறவர்கள் அதற்கு முன்பே ஆற்றுப்பாலம் ஏறுவார்கள். அதில் ஓடுவது புதுஆறு. அப்படிப் பார்த்தால் ரயிலில் வருகிறவருக்கு ஆறு ஆறு. திருவாறாறு என்று மாற்றலாமா?

மதகடி

புதுஆறு என்பது கல்லணைக் கால்வாய் அம்மா. மேட்டூர் அணை வந்தபோது அதோடு சேர்ந்து 1934இல் வந்தது, அதனால்தான் ஜனங்கள் இன்றைக்கும் புதுஆறு என்கிறார்கள். அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

நான் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஷட்டர் திருகித் தண்ணீர் விட்ட ஆள். புராணம், கல்வெட்டு எல்லாம் எனக்குத் தெரியாது, தண்ணீர் போகிற வழி தெரியும், அதைச் சொல்கிறேன்.

காவிரி முக்கொம்பில் முதலில் இரண்டாகிறது, வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. அடுத்தது கல்லணை. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசனத்துக்குப் பிரித்துவிட்டு, மிஞ்சின வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளுவோம். நீங்கள் சொல்கிற ஐந்தும் இதில் இரண்டு குடும்பம். காவிரியிலிருந்து திருக்காட்டுப்பள்ளியில் பிரிவது குடமுருட்டி. வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூர் தலைப்பில், அதாவது மதகு வைத்து ஆற்றைப் பிரிக்கிற இடத்தில், வெட்டாறும் வடவாறும் பிரிகின்றன. ஆக காவிரி வீட்டில் இரண்டு பேர், வெண்ணாற்று வீட்டில் மூன்று பேர். கல்லணையைத் தாண்டிய பிறகு இந்த ஐந்தும் ஓர் இடத்தில் ஒன்றாகப் பார்த்துக்கொள்வதே கிடையாது.

எங்கள் ஆபீஸிலும் காவிரிப் பாசனம் தனி, வெண்ணாறு பாசனம் தனி. குடமுருட்டிக்குத் தண்ணீர் வரவில்லை என்று வெண்ணாறு ஆளிடம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆனாலும் போடுவார்கள்.

தாளடி

மதகடி ஐயா, ஒரு கேள்வி. இந்த ஐந்திலும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஓடி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் பக்கம் முறை வைத்து விடும்போது காவிரியில் இருந்தால் வெண்ணாற்றில் இருக்காது, வெண்ணாற்றில் விட்டால் இங்கே மணல் தெரியும்.

மதகடி

நல்ல வருடத்தில் பார்க்கலாம் தம்பி. மேட்டூரை ஜூன் 12இல் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும், அங்கே நெல்லும் பூவும் தூவி எல்லா மதகையும் திறப்பார்கள். முதல் தண்ணீர் வருகிறதைப் பார்த்திருக்கிறாயா? தண்ணீராக வராது. முதலில் சருகு, அப்புறம் நுரை, காய்ந்த ஆகாயத்தாமரை, பாட்டில், ஒற்றைச் செருப்பு, இதையெல்லாம் தள்ளிக்கொண்டு பழுப்பாக ஒரு நாக்கு மாதிரி மணலில் நீளும். மணல் குடித்துக்கொண்டே இருக்கும், நாக்கு நின்று நின்றுதான் நகரும். தலைப்பில் நாங்கள் ஷட்டர் சக்கரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகுவோம். கோடை முழுக்கக் கிடந்து கிரீஸ் இறுகியிருந்தால் முதல் சுற்று வருவதற்குள் தோள் கழன்றுவிடும். தென்பெரம்பூரில் வெண்ணாற்றுக்கு இவ்வளவு, வெட்டாற்றுக்கு இவ்வளவு என்று மேலேயிருந்து கன அடிக் கணக்கு வரும், அளவுக்கல்லைப் பார்த்து ஏற்றி இறக்குவோம்.

அதனால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆறு எத்தனை என்பது மேட்டூரில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சில வருடம் குறுவைக்குத் திருவையாறு, சூன்ய ஆறு.

முசிறி மைந்தன்

ஐயாறு எங்கள் பக்கம் ஓடுகிறதே, அதை யாரும் சொல்லவில்லையா? கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவியாக விழுந்து, துறையூர் பக்கமாக வந்து, முசிறிக்கு அருகில் காவிரியில் சேருகிற ஆற்றின் பெயரே ஐயாறுதான். அந்த ஆற்றுக்கும் உங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டா?

பழஞ்சுவடி

நேரடித் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை, ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது. உங்கள் ஐயாறு மலையிலிருந்து பல ஓடைகள் கூடி இறங்குகிற ஆறு, அங்கே அது ஓர் ஆற்றின் பெயர். இங்கே அது ஓர் ஊரின் பெயர், அதுவும் ஆறுகள் பிரிந்து போகிற நிலத்தில்.

வடமொழியில் இந்த ஊரைப் பஞ்சநதம் என்பார்கள், இறைவன் பஞ்சநதீசுவரர். பஞ்சாபுக்கும் மகாபாரதத்தில் பஞ்சநதம் என்றுதான் பெயர். ஆனால் அங்கே ஐந்து ஆறுகள் வந்து ஒன்று கூடுகின்றன, கூடுகிற ஆற்றுக்கே இன்றைக்கும் பாகிஸ்தானில் பஞ்சநத் என்று பெயர். உத்தரப் பிரதேசத்திலும் யமுனை, சம்பல் எல்லாம் கூடுகிற ஒரு பச்நதா இருக்கிறது. நம் பவானி கூடுதுறையும் கூடுகிற இடம்தான். உலகத்தில் ஆற்றை எண்ணிப் பெயர் வைப்பவன் பெரும்பாலும் கூடுகிற முனையில் நின்றுதான் எண்ணுகிறான், ஏனென்றால் அங்கேதான் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். டெல்டாவில் எல்லாம் விலகிப் போகின்றன. விலகிப் போகிறதை ஓர் ஊர் தன் பெயராகச் சூடிக்கொண்டது என்றால் அது விசித்திரம்.

தாளடி

ஏன் சார், பிரிகிற இடத்தை எண்ணிப் பெயர் வைக்கிறதும் உண்டே. நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. மூணாறு தலைப்பு என்றுதான் சொல்கிறோம். பாலத்தில் நின்றால் மூன்றும் தெரியும்.

பழஞ்சுவடி

அருமையான உதாரணம், இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மூணாறு தலைப்பில் நின்றால் மூன்றும் தெரியும், திருவையாற்றில் நின்றால் ஐந்தும் தெரியாது. கோபுரத்தின் மேல் ஏறினாலும் வடவாறு தெரியாது.

கண்டியூர்க்காரன்

தெரிந்தால்தான் பெயர் வைக்கணுமா? அந்தக் காலத்தில் காடும் நாணலுமாகக் கிடந்தபோது ஓடங்களில் வந்தவனுக்கு எல்லாமே ஒரு வெள்ளக்காடாகத்தான் இருந்திருக்கும். கரையெல்லாம் பின்னால் கட்டியது. கரை இல்லாத காலத்தில் குடமுருட்டி எது, காவிரி எது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? எங்கள் ஊருக்கும் திருவையாற்றுக்கும் இடையில் இரண்டு பாலமும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று பாருங்கள்.

சுந்தரரும் சேரமான் பெருமாளும் தென்கரையில் நின்று பார்த்தபோது வெள்ளம் வந்து அக்கரைக்குப் போக முடியவில்லை, பதிகம் பாடினதும் ஆறு வழிவிட்டது என்று கதை. நின்ற இடம் எங்கள் கண்டியூர். அந்தக் கதை நடந்ததோ இல்லையோ, வெள்ளக் காலத்தில் எங்கள் ஊருக்கும் திருவையாற்றுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று அது சொல்கிறது.

பழஞ்சுவடி

ஏற்கிறேன். ஆனால் அதே கதையில் குறுக்கே நிற்பது காவிரி. ஐந்து ஆறு என்று யாரும் மலைக்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். முதலாவது, ஆற்றுப் பெயர்களே நிலையானவை இல்லை. குடமுருட்டிக்குத் தேவாரக் காலப் பெயர் கடுவாய். கடுவாய்க்கரைப் புத்தூர் என்று ஒரு தலம் இருக்கிறதே, இன்றைய ஆண்டாங்கோவில், அது இந்தக் குடமுருட்டிக் கரைதான். எனவே ஏழாம் நூற்றாண்டில் யாராவது ஐந்தை எண்ணியிருந்தாலும் குடமுருட்டி என்ற பெயர் அந்தப் பட்டியலில் இருந்திருக்காது. இரண்டாவது, வெட்டாறு. பெயரைப் பார்த்தால் வெட்டிய ஆறு. எப்போது வெட்டினார்கள் என்பதுதான் கேள்வி. தேவாரத்துக்குப் பிறகு வெட்டியது என்றால் ஐந்து நான்காகிவிடும்.

மதகடி

வெட்டாறு வெட்டினதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் வெட்டினது எல்லாம் புதிதாக வெட்டினதாக இருக்காது சார். பழைய வாய்க்கால் தடம் கிடக்கும், அதை அகலப்படுத்திக் கரை போட்டால் அதுவும் வெட்டினதுதான். இன்றைக்கு நாகூரில் போய்க் கடலில் விழுகிறது, ஒரு வாய்க்காலா அவ்வளவு தூரம் போகும்?

அரிசில்

எங்கள் கும்பகோணத்துப் பக்கம் சில பேர் வடவாற்றுக்குப் பதிலாக அரசலாற்றை ஐந்தில் சேர்த்துச் சொல்வார்கள். அதைப் பலகையில் போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

வடகரையான்

அரசலாறு கும்பகோணம் வழியாகக் காரைக்காலுக்குப் போகிற ஆறு. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் வடவாறே தூரம் என்று அழுதுகொண்டிருக்கிறோம், நீங்கள் காரைக்காலை இழுக்கிறீர்கள்.

பிரதோஷம்

எல்லோரும் மண்ணையும் மதகையும் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள், தல புராணத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நந்திதேவருக்கு இந்த ஊரில் பட்டாபிஷேகம் நடந்தபோது ஐந்து தீர்த்தங்கள் வந்து கலந்தன என்றுதான் புராணம் சொல்கிறது. சூரிய புஷ்கரிணி, சந்திர புஷ்கரிணி, கங்கை, பாலாறு, நந்தியின் வாய் நுரையில் பெருகிய தீர்த்தம். இதில் காவிரியே இல்லை, குடமுருட்டியும் இல்லை. அதே நந்திக்குக் கல்யாணம் பண்ண மாப்பிள்ளை ஊர்வலம் கொள்ளிடம் தாண்டித் திருமழபாடிக்குப் போகிறது, பங்குனியில் இன்றைக்கும் நடக்கிறது. ஐயாறு என்றால் அந்த ஐந்து அபிஷேகம். ஆற்றுப்பாலத்தை எண்ணுவது எல்லாம் பஸ் வந்த பிறகு வந்தது.

பழஞ்சுவடி

நல்லவேளை எடுத்துச் சொன்னீர்கள். இந்தப் புராணக் கதையை நான் வேறு மாதிரி படிக்கிறேன், கோபிக்க வேண்டாம். ஊரில் ஐந்து ஆறு கண்ணுக்குத் தெரிந்திருந்தால், அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்ல ஒரு புராணமே தேவைப்பட்டிருக்காது. பெயர் இருக்கிறது, ஆறுகள் ஊரில் இல்லை, அதனால் புராணிகர் ஐந்து தீர்த்தம் கொண்டுவந்தார். தஞ்சாவூர்க்காரர் ஐந்து பாலம் கொண்டுவந்தார். இரண்டு பேரும் ஒரே பள்ளத்தைத்தான் நிரப்பியிருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. ஆறு என்ற சொல்லின் பழைய வடிவம் யாறு. ஐ என்றால் ஐந்து மட்டும் அல்ல, தலைமை, அழகு, வியப்பு என்றும் பொருள். ஐ யாறு என்றால் தலையான யாறு, அழகிய யாறு என்று ஒரே ஆற்றைக் குறித்திருக்கவும் கூடும். அந்த ஒரே ஆறு காவிரி. ஊர் ஒரே ஆற்றின் கரையில் இருப்பதற்கு இது பொருந்துகிறது. நிரூபணம் கேட்காதீர்கள், கல்வெட்டு எதுவும் இதைச் சொல்லவில்லை. இது என் சாய்வு, அவ்வளவுதான்.

பிரதோஷம்

இதுதான் ஆளுக்கொரு அகராதியை வைத்துக்கொண்டு ஊர்ப் பெயரை உடைக்கிற வேலை. பஞ்சநதம் என்று எத்தனையோ நூற்றாண்டாகச் சொல்கிறார்கள். தியாகராஜர் இங்கேயே இருந்து 1847இல் சமாதி ஆனவர், அவரும் பஞ்சநதம் என்றே பாடியிருக்கிறார். ஐந்து என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, உங்களுக்கு மட்டும் அழகிய ஆறு.

பழஞ்சுவடி

வடமொழிப் பெயர் தமிழ்ப் பெயரைப் பார்த்துச் செய்ததாகவும் இருக்கலாமே ஐயா. மறைக்காடு வேதாரண்யம் ஆன கதை நமக்குத் தெரியாததா? மொழிபெயர்த்தவர் ஐ என்பதை ஐந்து என்று எடுத்திருந்தால் அதிலிருந்து பஞ்ச வந்திருக்கும். சரி, இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கரந்தை அக்கா

வெள்ளைக்காரன் காலத்து ரெக்கார்டில் இந்த ஊர் திருவாடி. ஐந்தும் இல்லை, ஆறும் இல்லை. பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகையையும் திருவாடி என்றே எழுதி வைத்ததில் பழைய ஆவணம் தேடுகிறவர்கள் படாத பாடு படுகிறார்கள். 2020இல் 1018 ஊர்களுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் மாற்றி அரசாணை போட்டு, ஒரு வாரத்திலேயே திரும்ப வாங்கிக்கொண்டார்களே, அப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் அவரவர் ஊர் எப்படி ஆகியிருக்கிறது என்று பார்த்துச் சிரித்தோம். பெயரை யார் எப்படி எழுதினாலும் பஸ்காரர் கத்துவது ஐயாறு ஐயாறு என்றுதான்.

தாளடி

நான் ஒன்று சொல்கிறேன், யாரும் அடிக்க வரக் கூடாது. திருவையாற்றின் பெயரை வைத்து இவ்வளவு முட்டிக்கொள்கிறோம், ஆனால் சுற்றி இருக்கிற சின்ன ஊர்களின் பெயர்களைப் பாருங்கள், ஆற்றைப் பற்றி எவ்வளவு நேராகச் சொல்கின்றன. சோற்றுத்துறை என்றால் துறை, ஆற்றில் இறங்குகிற இடம். பூந்துருத்தி என்றால் துருத்தி, ஆற்றிடையில் துருத்திக்கொண்டு நிற்கிற மேடு. காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடையில் நிலம் எப்படிக் கிடக்கிறது என்று அந்த ஒரு பெயரே சொல்லிவிடுகிறது. குத்தாலத்துக்கும் பழைய பெயர் திருத்துருத்தி. கேரளத்தில் ஆற்றிடைத் தீவைத் துருத்து என்பார்கள், அதே சொல். படுகை, திட்டு என்று முடிகிற ஊர்கள் எத்தனை! வெள்ளம் வந்தால் எது மூழ்கும், எது மூழ்காது என்று தெரிந்தவன் வைத்த பெயர்கள். வீட்டு மனை வாங்குகிறவன் பத்திரம் படிக்கிறதுக்கு முன்னால் ஊர்ப் பெயரைப் படிக்கணும் என்பேன். படுகையில் பிளாட் போட்டு விற்கிறார்கள், வாங்கினவன் ஐப்பசியில் வந்து ஆற்றைத் திட்டுகிறான்.

கண்டியூர்க்காரன்

தாளடி சொன்னது நூற்றுக்கு நூறு. ஏழூர்ப் பல்லக்கு பார்த்திருக்கிறீர்களா? சித்திரையில் ஐயாறப்பர் புறப்பட்டுத் திருப்பழனம், சோற்றுத்துறை, வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, நெய்த்தானம் என்று சுற்றித் திரும்ப ஊர் சேருவார். இந்த ஏழில் மூன்று காவிரிக்கு வடகரை, நான்கு தென்கரை. அதனால் பல்லக்கு ஆற்றைத் தாண்டியே ஆகணும். சித்திரையில் தண்ணீர் இருக்காது, சுடுமணலில் இறங்கி நடப்பார்கள். தூக்குகிறவர்கள் கரை ஏறும்போது முன்னால் நாலு பேர் குனிய, பின்னால் நாலு பேர் தலைக்கு மேல் தூக்க, தண்டு கிரீச் என்று முனகும். ஆற்றை எண்ணணும் என்றால் அந்தத் தோள்களைக் கேட்கணும், பஸ்ஸில் போகிற என்னைக் கேட்டால் பாலத்தைத்தான் சொல்வேன்.

வடகரையான்

இது எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய கணக்கும் அதுதானே, தேவாரத் தலங்களையே காவிரி வடகரை 63, தென்கரை 127 என்றுதான் பிரித்திருக்கிறார்கள். ஐந்து ஆறு பார்த்துப் பிரிக்கவில்லை, ஒரே ஆற்றின் இரண்டு கரையைப் பார்த்துப் பிரித்தார்கள்.

ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கொள்ளிடத்தை ஏன் விட்டார்கள்?

மதகடி

அதற்கு நான் பதில் சொல்கிறேன். கொள்ளிடத்துத் தண்ணீர் உங்கள் வயலுக்கு வந்ததா? வராது. அது வெள்ளம் கொள்ளும் இடம், வடிகால். தாழ்வாகக் கிடக்கிற ஆறு, விட்டால் காவிரித் தண்ணீரை எல்லாம் அதுவே இழுத்துக்கொண்டு போய்விடும். முன்னே அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தது, காவிரிப் பக்கம் மணல் மேடு தட்டித் தண்ணீர் ஏறாமல் போனதால்தான் காட்டன் துரை 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டினார். டெல்டாக்காரனுக்கு ஆறு என்றால் மதகு வைத்து வாய்க்காலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அந்த ஐந்தும் கொடுக்கிற ஆறு. கீழே அணைக்கரை போனால் கொள்ளிடத்திலும் எடுக்கிறார்கள், வீராணத்துக்குப் போகிற இன்னொரு வடவாறே அங்கேதான் புறப்படுகிறது. ஆனால் திருவையாற்று நேருக்கு அது வெறும் வடிகால்.

பழஞ்சுவடி

இந்த இழையில் வந்ததிலேயே இதுதான் சரியான விளக்கம் என்று எனக்குப் படுகிறது. பட்டியல் போட்டவன் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நின்றான் என்று மட்டும் நான் சொன்னேன். அவன் வயலில் நின்றான் என்று மதகடி ஐயா சொல்கிறார். நம் வடவாறு போய் விழுவது வடுவூர் ஏரியில், அதுவும் பாசனம்தான்.

அல்வாப் பிரியன்

அப்போ பலகையில் என்னதான் எழுதப் போகிறீர்கள்? பெயிண்டர் இந்நேரம் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

வடகரையான்

பையன்களோடு பேசிவிட்டேன். ஊருக்குள் வருகிறவர் பார்க்கிற பக்கத்தில் "திருவையாறு, காவிரி வடகரை" என்று மட்டும். ஊரைவிட்டுத் தெற்கே போகிறவர் பார்க்கிற பின்பக்கத்தில், இனி தாண்டப் போகிற ஆறுகள் என்று வரிசையாக ஐந்து. காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. பட்டியல் ரோட்டுக்குச் சொந்தம் என்றால் ரோட்டைப் பார்த்தே இருக்கட்டும். கொள்ளிடத்துக்கு விளாங்குடிப் பக்கம் தனிப் பலகை வைக்கலாம், காசு மிஞ்சினால்.

பிரதோஷம்

பஞ்சநதம் என்ற பெயரும் வர வேண்டும். இல்லாவிட்டால் நான் நன்கொடை தருவதாகச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

கரந்தை அக்கா

வடவாற்றைக் கடைசியில் போட்டுவிட்டீர்கள். எங்கள் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் முதல் ஆறு. கரந்தையில் நாங்கள் ஒரு பலகை வைத்தால் வரிசையைத் திருப்பிப் போடுவோம், அப்போது யாரும் கேட்கக் கூடாது.

வடகரையான்

தாராளமாக வையுங்கள் அக்கா. பிரதோஷம் சார், பஞ்சநதம் போடுகிறோம், ஆனால் பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்கிறார், குடமுருட்டிக்கே ஆறு எழுத்து ஆகிறது. நன்கொடையைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள்.